பேருந்தில் ஓர் இடம்

வைப்பாற்றங்கரையில் அமைந்துள்ள சாத்தூருக்கு முதலில் வந்தது மாட்டுவண்டித் தடம். 1876ஆம் ஆண்டு மதுரை – தூத்துக்குடி இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது தொடர்வண்டி வந்தது. முதல் உலகப்போருக்குப் பின்னர் மோட்டார்ப் பேருந்து வந்தது. தொடர்வண்டியில் பயணியின் வகுப்பைத் தீர்மானித்தது அவர் செலுத்திய கட்டணம். அதற்கு ஐம்பது ஆண்டுகள் பின்னால் வந்த பேருந்திலோ கட்டணத்தைக் கையில் வைத்திருந்தும் ஏறமுடியாத மக்கள் இருந்தனர். ஆதிதிராவிடர்களை ஏற்றிச்செல்லப் பேருந்து உரிமையாளர் பலர் மறுத்தனர். புதிய ஊர்தியில் பழைய தீண்டாமையும் ஏறி அமர்ந்துகொண்டது.

அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இந்நிலையை ஓர் ஆணையால் மாற்ற முற்பட்டவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார். அவர் தோட்டப்பயிர் செய்த செல்வர், வணிகக் குடும்பத்தவர், மாவட்டக் கழகத்தின் தலைவராக இருந்தவர். அவருடைய செயலின் பொருளை உணர வேண்டுமெனில், முதலில் அவர் பிறந்த வணிகச் சமூகம் நடந்துவந்த வழியை அறிதல் வேண்டும்.

பேட்டையும் மகமையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரிசல் நிலத்து ஊர்களுக்கிடையே கருப்பட்டி, பருத்தி, புகையிலை முதலிய சரக்குகளை ஏற்றிக்கொண்டு வண்டிகள் சென்றன. வழிப்பறி மிகுந்த காலம் அது. வண்டியும் மாடும் சரக்கும் இரவில் அச்சமின்றித் தங்குவதற்கு மதில் சூழ்ந்த இடங்களை வணிகர்கள் தாமே அமைத்துக்கொண்டனர். அவையே பேட்டைகள். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தூர், பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறும் இவ்வாறு வளர்ந்த வணிக ஊர்களாகும். பனையேறுதலையும் கருப்பட்டி வணிகத்தையும் தொழிலாகக் கொண்டிருந்த நாடார் குலத்தார் இவ்வூர்களில் கடைகள் வைத்துப் பொருளீட்டினர்.

பேட்டையைக் காக்கப் பணம் வேண்டும். அதற்கு அவர்கள் கண்ட வழி மகமை. வாங்கும் சரக்குக்கும் விற்கும் சரக்குக்கும் ஒரு சிறு தொகையை ஒவ்வொரு வணிகரும் பொதுநிதிக்கு அளித்தனர். அந்நிதியை உறவின்முறை என்னும் ஊரமைப்பு நிருவகித்தது. கிணறு, சந்தை, கோயில், பள்ளி எனப் பொதுத்தேவைகள் எல்லாவற்றுக்கும் மகமைப் பணமே முதலாயிற்று. அரசு வரி விதித்துச் செய்யவேண்டிய பணிகளை, அரசு செய்யும்வரை காத்திராமல், வணிகர்கள் தம்மீது தாமே வரி விதித்துக்கொண்டு செய்தனர். ஒரு தனிமனிதர் தம் முயற்சியால் உயர்ந்தார் என்று கூறும் கதைகளைப் பல நூல்களில் காண்கிறோம். இங்கே ஊர் ஊராகத் தம் முயற்சியால் உயர்ந்தன என்பதே பொருத்தமாகும்.

1889ஆம் ஆண்டு விருதுநகரில் நிறுவப்பட்ட க்ஷத்திரிய வித்தியாசாலை இவ்வமைப்பின் பெருங்கொடை. அப்பள்ளிக்காக வீடுதோறும் சமைக்கும் அரிசியில் ஒரு பிடி எடுத்துவைக்கும் வழக்கமும் இருந்தது. ‘பிடி அரிசிப் பள்ளி’ எனப்பட்ட அதில் பயின்ற சிறுவர்களுள் ஒருவரே பின்னாளில் தமிழ்நாட்டின் முதலமைச்சரான காமராசர்.

செல்வம் சேர்ந்தது, ஆனால் மதிப்பு அதனுடன் சேர்ந்து வரவில்லை. பல ஊர்களில் கோயிலின் வாயில் இவ்வணிகர்களுக்கு அடைக்கப்பட்டே இருந்தது. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் சிலர் நுழைந்தமை வழக்காயிற்று. 1899இல் சிவகாசி தாக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. கமுதி வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. தம் கடைகளில் எல்லாரும் சரக்கு வாங்கும் ஓர் ஊரில், கடைக்காரர் மட்டும் கோயிலின் வெளியே நிற்க நேர்ந்த நிலை அது.

இந்த இழிவினின்று மீள அவர்கள் முதலில் தேர்ந்த வழி, தாம் தாழ்ந்தோர் அல்லர், அரச மரபினர் என நிறுவுதல். சிலர் பூணூல் அணிந்தனர். விருதுநகர்ப் பள்ளியின் பெயரிலேயே அந்த எண்ணம் பொறிக்கப்பட்டுள்ளது. அவர்கள் பட்ட துன்பத்தை நோக்க, இவ்வழியை எளிதில் குறைகூறல் இயலாது. ஆயினும் அதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஏணியில் தமக்குரிய படி இன்னும் உயரத்தில் இருக்கிறது என்று வாதிடுவோர், ஏணி இருக்கவேண்டும் என்பதையும் ஒப்புக்கொண்டவர் ஆகின்றனர். தமக்குக் கீழே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றி அவர்களால் என்ன கூற இயலும்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரிசல் வணிகர்களின் முன் நின்ற வினா இது.

பட்டிவீரன்பட்டியிலிருந்து

சௌந்தரபாண்டியனார் 1893ஆம் ஆண்டு, இன்றைய திண்டுக்கல் மாவட்டத்துப் பட்டிவீரன்பட்டியில் பிறந்தார். கீழைப் பழனிமலைச் சாரலில் காப்பியும் ஏலமும் விளைவித்து வணிகம் செய்த குடும்பம் அவருடையது. அவர் வறுமையிற் பிறந்து வளம் பெற்றவர் அல்லர். முன்னோர் ஈட்டிய வளத்தில் பிறந்தவர். அவ்வளத்தைக் கொண்டு என்ன செய்தார் என்பதே அவர் வாழ்க்கையை நமக்கு முக்கியமாக்குகிறது.

1910இல் தோன்றிய நாடார் மகாசன சங்கத்தில் அவர் முன்னணியில் நின்றார். 1920ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டசபையின் நியமன உறுப்பினரானார். நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்த காலம் அது. பிராமணரல்லாதார்க்குக் கல்வியும் அரசுப் பணியும் வேண்டும் என்னும் கோரிக்கை மேலோங்கியிருந்தது. அதே அவையில், ஒடுக்கப்பட்டோரின் சார்பில் பேசிய இரட்டைமலை சீனிவாசனார், பொதுச்சாலைகளும் கிணறுகளும் எல்லாச் சாதியினருக்கும் உரியவை எனத் தீர்மானம் கொண்டுவந்தார். 1924இல் அத்தீர்மானம் நிறைவேறிற்று.

சாலை திறந்தது. ஆனால் சாலையின்மேல் ஓடும் பேருந்து திறக்கவில்லை. சாலை அரசுக்குரியது; பேருந்து தனியாருக்குரியது. பொதுச்சாலையில் நடக்கும் உரிமையைத் தந்த தீர்மானம், அச்சாலையில் ஓடும் ஊர்தியில் அமரும் உரிமையைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. சட்டத்தின் சொற்கள் முடியும் இடத்தில் வழக்கம் தொடர்ந்து ஆட்சி செய்தது.

உரிமம் என்னும் கருவி

1928ஆம் ஆண்டு சௌந்தரபாண்டியனார் இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் தலைவரானார். சாத்தூர், சிவகாசி, விருதுநகர் ஆகிய ஊர்கள் அன்று அம்மாவட்டத்தில் அடங்கியிருந்தன. மாவட்டக் கழகம் என்பது இன்று வழக்கொழிந்த அமைப்பு. ஆதலின் அதனைப் பற்றிச் சில சொற்கள் வேண்டும். ஊர்ப்புறச் சாலைகளை அமைத்தல், தொடக்கப்பள்ளிகளை நடத்துதல், மருந்தகங்களைப் பேணுதல் முதலியன அதன் கடமைகள். சட்டம் இயற்றும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆனால் தன் சாலைகளில் ஓடும் வாடகை ஊர்திகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் அதற்கு இருந்தது. பெரும்பாலோர் அதனை வருவாய்க்குரிய வழியாகவே கண்டனர். சௌந்தரபாண்டியனார் அதனை வேறு விதமாகக் கண்டார்.

பேருந்துகளில் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தல் கூடாது. மறுக்கும் பேருந்தின் உரிமம் நீக்கப்படும் என்று அவர் ஆணை பிறப்பித்தார்.

இவ்வாணை ஏன் பயன்தரக் கூடியதாக இருந்தது என்பதைச் சற்று நின்று ஆராயலாம். பேருந்து உரிமையாளர் ஒருவரை, “ஏன் இவர்களை ஏற்றுவதில்லை?” என வினவியிருந்தால் அவர் என்ன விடை கூறியிருப்பார்? “எனக்கு ஒன்றுமில்லை, ஏற்றினால் மற்றவர்கள் இறங்கிவிடுவார்கள், அடுத்த வண்டியில் போய்விடுவார்கள்” என்பதாகத்தான் அவ்விடை இருந்திருக்கும். தீண்டாமையைக் கடைப்பிடிப்போர் பலரும் பழியைப் பிறர்மேல் ஏற்றிச் சொல்லும் விடை அது. எனினும் அதில் ஒரு வணிகக் கணக்கும் இருக்கிறது. ஒருவர் மட்டும் நல்லெண்ணத்தோடு கதவைத் திறந்தால் அவர் தம் பயணிகளைப் போட்டியாளரிடம் இழக்கக்கூடும். உரிமத்தின் நிபந்தனையோ எல்லாப் பேருந்துகளுக்கும் ஒருசேரப் பொருந்தும். அடுத்த வண்டியிலும் அதே நிலை என்றால், இறங்கிப்போகும் பயணி எங்கே செல்வார்? நடந்துதான் செல்லவேண்டும். மறுப்பதால் வரும் ஆதாயம் மறைந்து, மறுத்தால் தொழிலே போய்விடும் என்னும் அச்சம் அங்கே வந்து நிற்கிறது. கடைத்தெருவின் இயல்பை அறிந்த ஒருவரே இத்தகைய கருவியைத் தேர்ந்திருக்க முடியும். அவர் உரிமையாளர்களின் மனத்தை மாற்ற முயன்று காத்திருக்கவில்லை. அவர்களுடைய கணக்கை மாற்றினார்.

பேருந்தில் ஓர் இடம் என்பது சிறிய செய்தியாக இன்று நமக்குத் தோன்றலாம். கோயில் நுழைவைப் போல அது உணர்ச்சியைக் கிளர்வதன்று. ஆனால் நிழலற்ற கரிசல் பரப்பில் பத்துக் கல் தொலைவு என்பது வெயிலில் அரைநாள் நடை. மகப்பேற்று வலியில் துடிக்கும் பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும், வழக்குமன்றத்தில் குறித்த நேரத்தில் நிற்கவும், வேறு ஊரில் கூலி மிகுதி என்று கேள்வியுற்றால் அங்கே போகவும் பேருந்து வேண்டும். ஊரைவிட்டு வெளியேற வழியற்றவர் அவ்வூரின் கொடுமையைப் பொறுத்துக்கொண்டே ஆகவேண்டும். ஆதலின் பேருந்தில் ஏறும் உரிமை என்பது, பயணம் செய்யும் உரிமை மட்டுமன்று. ஒரு நிலக்கிழாரை விட்டு விலகிச்செல்லும் உரிமையும் ஆகும்.

இங்கே அமெரிக்க நாட்டு நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் 1955 டிசம்பர் முதல் நாள், ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி, பேருந்தில் தம் இருக்கையை வெள்ளையருக்கு விட்டுக்கொடுக்க மறுத்துச் சிறைப்பட்டார். அதைத் தொடர்ந்து கறுப்பின மக்கள் 381 நாள்கள் பேருந்தைப் புறக்கணித்து நடந்தே சென்றனர். நீதிமன்றத் தீர்ப்பால் வெற்றியும் பெற்றனர். அங்கே மக்கள் பேருந்தின் பின்பகுதியில் அமர்த்தப்பட்டனர். இங்கே ஏறவே விடப்படவில்லை. அங்கே மாற்றம் ஒடுக்கப்பட்டவர்களின் கால்களால் வந்தது. இங்கே ஓர் அலுவலகத்தின் ஆணையால் வந்தது. மேலிருந்து வரும் மாற்றம் விரைவாக வரும். ஆனால் அதைச் செய்தவரின் பெயர் மட்டும் நிலைத்து, அதற்காகக் குரல் கொடுத்தவர்கள் மறக்கப்படும் இடரும் அதில் உண்டு. இரட்டைமலை சீனிவாசனாரின் தீர்மானம் முன்னே செல்லாமல் இருந்திருந்தால், சௌந்தரபாண்டியனாரின் ஆணைக்கு நிற்க நிலம் இருந்திருக்காது.

ஆணையின் எல்லையையும் மறைத்தல் கூடாது. மாவட்டக் கழகத் தலைவரின் கை பேருந்துவரைதான் நீளும். பேருந்தினின்று இறங்கியவுடன் தேநீர்க்கடையில் தனிக்குவளை காத்திருந்தது, ஊர்க்கிணறு காத்திருந்தது. அவற்றுக்கு உரிமம் தேவைப்படவில்லை.

செங்கற்பட்டில்

மாவட்டக் கழகத் தலைவராக இருந்த அக்காலத்திலேயே சௌந்தரபாண்டியனார் மற்றொரு பொறுப்பையும் ஏற்றார். 1925ஆம் ஆண்டு பெரியார் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு, 1929 பிப்ரவரி 17, 18 ஆகிய நாள்களில் செங்கற்பட்டில் நடைபெற்றது. அதற்குத் தலைமை வகித்தவர் அவரே. பெண்களுக்கு ஆண்களோடு ஒத்த சொத்துரிமை வேண்டும். பெண்களின் திருமண வயது உயர்த்தப்படவேண்டும். சாதியைக் காட்டும் பின்னொட்டுகளையும் அடையாளக் குறிகளையும் விட்டுவிடவேண்டும் என்றெல்லாம் அம்மாநாடு தீர்மானித்தது. பெண்ணின் சொத்துரிமை தமிழ்நாட்டில் முழுமையாகச் சட்டமாவதற்கு அறுபது ஆண்டுகள் பிடித்தன என்பதை எண்ணினால், அத்தீர்மானங்களின் துணிவு விளங்கும். அறுபது ஆண்டு என்பது ஏட்டளவில் வந்த காலம். வீட்டளவில் வருவதற்கு இன்னும் எத்தனை ஆண்டோ.

சாதிப் பின்னொட்டை விடுதல் என்னும் தீர்மானம் தலைவருக்கே எளிதன்று. அவர் ஒரு குலச் சங்கத்தின் முன்னணியாளர். அச்சங்கத்தின் வலிமையெல்லாம் ‘நாம் ஒரு குலத்தார்’ என்னும் ஒற்றுமையிலிருந்து பிறந்தது. மகமை, உறவின்முறை, பள்ளி ஆகிய அனைத்தும் அவ்வொற்றுமையின் விளைவுகள். குலத்தின் துணையால் எழுந்த ஒருவர், குலப்பெயரே வேண்டா என்னும் மேடையில் தலைமையேற்றார். இம்முரணை அவர் எவ்வாறு தாங்கினார் என்பது சிந்தித்தற்குரியது. ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் எழுவதற்குத் தன் ஒற்றுமை வேண்டும். எழுந்தபின் அவ்வொற்றுமையே பிறரை விலக்கும் மதிலாகிவிடக் கூடும். பேட்டையின் மதில் கள்வரைத் தடுக்க எழுப்பப்பட்டது. மதில் இருந்தால் வாயிலும் இருக்கவேண்டும் என்பது அவர் செயல்களின் பொருள் எனக் கொள்ளலாம்.

பூணூல் வழியினின்று அவர் வேறுபடும் இடமும் இதுவே. ‘நாங்கள் நீங்கள் நினைப்பதைவிட உயர்ந்தவர்கள்’ என்னும் வாதம் அவருக்குப் போதவில்லை. உயர்வு தாழ்வு என்னும் அளவுகோலே வேண்டா என்பவர், அதனை மேலுள்ளோரிடம் மட்டும் கூறினால் அது பாதி நேர்மைதான். தமக்குக் கீழே நிறுத்தப்பட்டோரிடமும் அதே அளவில் நடந்துகொள்ள வேண்டும். பேருந்து ஆணையால் இழப்புக்கு உள்ளாகக் கூடியவர்கள் அவரை ஒத்த பொருளுடையோரும் வணிகருமே. அவர்களுக்கு எதிராகவே அவர் தம் அதிகாரத்தைச் செலுத்தினார்.

எல்லாரும் அவரைப் பின்பற்றினர் என்று கூறுதல் பொய்யாகும். இயக்கத்தின் சமய மறுப்பு, கோயிலும் திருவிழாவும் தம் வாழ்வின் பகுதியாகக் கொண்ட வணிகர் பலருக்கு ஏற்புடையதாக இல்லை. வேறு சிலர் காங்கிரசின் பக்கம் சென்றனர். அவர்களுள் இளைஞரான காமராசரும் ஒருவர். ஆயினும் 1931இல் சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாம் மாகாண மாநாடு விருதுநகரிலேயே கூடிற்று. பிடி அரிசியில் பள்ளி நடத்திய ஊரில், நீதிக்கட்சிக்கும் காங்கிரசுக்கும் சுயமரியாதை இயக்கத்துக்கும் ஒரே காலத்தில் ஆதரவாளர் இருந்தனர். ஒரே கடைத்தெருவில் மூன்று அரசியல். மாலையில் அவர்களிடையே நிகழ்ந்த வாதங்களைக் கேட்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பின்னர்

1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள், அ. வைத்தியநாதய்யரின் தலைமையில் ஒரு சிறு குழு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தது. அக்குழுவில் ஒடுக்கப்பட்ட சமூகத்தார் ஐவரும், விருதுநகரைச் சேர்ந்த நாடார் ஒருவரும் இருந்தனர். அதுகாறும் அவ்விரு சாராரும் கோயிலுக்கு வெளியே நின்றவர்களே. ஏணியின் வெவ்வேறு படிகளில் நிறுத்தப்பட்டிருந்தோர் ஒரே வாயிலைக் கடந்து ஒன்றாக உள்ளே சென்றனர். அதே ஆண்டில் நாடு முழுமைக்கும் மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டுப் பேருந்து உரிமம் வழங்கும் அதிகாரம் மாகாணப் போக்குவரத்து அமைப்புகளுக்குச் சென்றது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, தீண்டாமையை ஒழித்துக் குற்றமாக்கிற்று; கடைகளிலும் பொது இடங்களிலும் சாதியின் பெயரால் தடுத்தல் கூடாது என்றது. மாவட்டக் கழகத் தலைவர் ஒருவர் உரிமத்தின் துணையால் வற்புறுத்தியதைக் குடிமக்களின் அடிப்படை உரிமையாகவே அது எழுதிவைத்தது.

சௌந்தரபாண்டியனார் 1953ஆம் ஆண்டு மறைந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் நடந்த பொதுத்தேர்தலில், முதலமைச்சர் காமராசர் சாத்தூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1962இலும் அத்தொகுதி மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தனர். பழைய இராமநாதபுரம் மாவட்டம் 1985இல் பிரிக்கப்பட்டது.

சென்னைத் தியாகராய நகரில் பாண்டி பஜார் என்னும் கடைத்தெரு உள்ளது. புதுச்சேரியின் பெயரால் அது அவ்வாறு வழங்குவதாக எண்ணுவோர் உண்டு. அதன் முழுப்பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி.